லயத்தில் கேட்டதை ஆங்கில ஆய்வேட்டில் எழுதுவது எப்படி

கேரளத்தின் மூணாறு, தேவிகுளம், பீர்மேடு தோட்டங்களில், லயம் எனப்படும் வரிசை வீடுகளில் வாழும் தொழிலாளர்களிடம் எடுக்கும் பேட்டி தமிழில், ஆய்வேடு ஆங்கிலத்தில். எந்தக் கட்டத்தில் மொழி மாற்றுகிறீர்கள் என்பதில்தான் காரியமே இருக்கிறது. ஒலிப்பதிவைக் கேட்டபடியே ஆங்கிலத்தில் தட்டினால் நேரம் மிச்சம். ஆனால் பின்னால் சரிபார்க்க எழுத்தில் மூலமே இருக்காது.

கேள்வித்தாளிலேயே சிக்கல் தொடங்கிவிடும். 'ஹவுஸ்ஹோல்டு' என்பதைக் 'குடும்பம்' என்று போட்டால், தேனிப் பக்கம் சொந்த ஊரில் இருக்கும் மாமியாரையும் சேர்த்து எண்ணுவார்கள். 'ஒரே அடுப்புல சாப்பிடுறவங்க எத்தனை பேரு?' என்று கேளுங்கள்; தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் வரையறையும் அதுதான். 'என்ன சமுதாயம்?' என்றால் சாதிதான் பதிலாக வரும்.

ஆங்கில மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் தமிழ்க் கேள்வித்தாளைக் கொடுத்து, திரும்ப ஆங்கிலமாக்கச் சொல்லிப் பார்ப்பது வழக்கம். அதை முழுக்க நம்ப வேண்டாம். 'வாழ்வாதாரம்' அச்சுப் பிசகாமல் ஆங்கிலத்துக்குத் திரும்பிவிடும். லயத்து வாசலில் அந்தச் சொல் செல்லாது. நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்த பிறகே தாளை அச்சடியுங்கள்.

ஒரு மணி நேரப் பதிவை எழுத்தாக்க 4 முதல் 6 மணி நேரம் ஆகும். பேச்சை அப்படியே எழுதுங்கள், திருத்தாதீர்கள். மலையாளம் கலக்கும் இடத்தில் அடிக்கோடு போடுங்கள்: 'பனி' என்றது தமிழில் மூடுபனியா, மலையாளத்தில் காய்ச்சலா என்பது மூன்று மாதம் கழித்து உங்களுக்கே தெரியாது.

அடுத்து, தலைப்பு வாரியாகப் பிரிப்பதையும் தமிழிலேயே செய்யுங்கள். கங்காணியை முதலிலேயே 'சூப்பர்வைசர்' ஆக்கிவிட்டால், ஊரில் முன்பணம் கொடுத்து ஆள் பிடித்து வந்தவர் மறைந்து, வேலை வாங்குபவர் மட்டும் மிஞ்சுவார். 'கூலி' இன்னும் மோசம்: நமக்குச் சம்பளம், ஆங்கிலத்தில் ஆளையே இழிவாகச் சுட்டும் சொல். மூணாறு தோட்டப் பெண் தொழிலாளர்கள் 2015-இல் நடத்திய போராட்டத்தின் 'பெம்பிளை ஒருமை' என்ற பெயரைப் 'பெண்கள் ஒற்றுமை' என்று பொருள்படும் ஆங்கிலமாக்கினால், அந்தப் பேச்சுவழக்கின் மிடுக்கு போய்விடும்.

இப்படிப்பட்ட பத்துப் பன்னிரண்டு சொற்களை மொழிபெயர்க்காமல் விட்டு, முதல் முறை வரும்போது இரண்டு வரி விளக்கம் கொடுங்கள். ஆங்கில எழுத்தில் தரும்போது இந்திய மொழிச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதுவதற்கான சர்வதேச முறையான ஐஎஸ்ஓ 15919-ஐக் கடைசிவரை மாற்றாமல் பின்பற்றுங்கள்: 'எல்' எழுத்தின் கீழே புள்ளி ள, கோடு ழ. மேற்கோள் காட்டும் வரிகளை மட்டும் கடைசியில் ஆங்கிலமாக்குங்கள். தமிழ் மூலம் பின்னிணைப்பில் போகட்டும். பின்னிணைப்பும் சொல் வரம்பில் சேருமா என்று நெறியாளரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.