கணிதத் தேர்வு முடிந்ததும் விடையை ஒப்பிடுகிறீர்களா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

பிளஸ் டூ கணிதத் தேர்வு மதியம் ஒன்றேகாலுக்கு முடியும். அடுத்த கால் மணி நேரத்தில் கோத்தகிரி பஸ் ஸ்டாண்ட் முழுக்க யூனிஃபார்ம்தான். கீழ்க்கோத்தகிரி பஸ் வருவதற்குள் வினாத்தாள்கள் விரிந்துவிடும். "உனக்கு என்ன வந்துச்சு?" என்று ஒருவர் கேட்க, நாலு பேர் கூடுவார்கள். சிரித்துக்கொண்டு பஸ் ஏறிய பிள்ளை, ஊர் வந்து இறங்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கும். இங்கே கணிதம் சொல்லிக்கொடுக்கும் எனக்கு ஒவ்வொரு மார்ச்சிலும் இது மனதை அறுக்கிறது.

ஒப்பிடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் மூச்சுப் பிடித்து எழுதியவர்களுக்கு அந்த ஆர்வம் வரத்தான் செய்யும். ஆனால் பெரும்பாலும் தப்பாக ஒப்பிட்டு, தப்பான முடிவுக்கு வந்து, அதை நம்பி அழுகிறார்கள்.

முதல் தவறு, பெரும்பான்மையை நம்புவது. மூன்று பேருக்கு ஒரே விடை, எனக்கு மட்டும் வேறு, அப்படியானால் நான்தான் தப்பு என்று முடிவுகட்டுவது. என்னிடம் படித்த ஒரு பெண்ணுக்கு இதுதான் நடந்தது. சைன் எக்ஸ், காஸ் எக்ஸ் இரண்டையும் பெருக்கித் தொகையிட வேண்டிய இடத்தில், தோழிகள் மூவரும் சைன் ஸ்கொயர் எக்ஸில் பாதி, பிளஸ் சி என்று எழுதியிருந்தார்கள். இவளுக்கு மைனஸ் போட்டு காஸ் ஸ்கொயர் எக்ஸில் பாதி, பிளஸ் சி. "அக்கா, எல்லாம் போச்சு" என்று அன்று சாயங்காலம் வந்து நின்றாள். இரண்டுமே சரி. சைன் ஸ்கொயரும் காஸ் ஸ்கொயரும் சேர்ந்தால் ஒன்று என்பது அவளுக்குத் தெரியாததா? இரண்டு விடைகளுக்கும் உள்ள வித்தியாசம் வெறும் அரை, ஒரு மாறிலி. அது அந்த 'சி'க்குள் அடங்கிவிடும். தன் விடையை வகையிட்டுப் பார்த்திருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

இப்படி வேஷம் மாறி வரும் விடைகள் கணிதத்தில் ஏராளம். 1, 2, 3 என்ற புள்ளியும் 3, 3, 5 என்ற புள்ளியும் கொடுத்து, அவற்றின் வழியே போகும் கோட்டின் வெக்டர் சமன்பாடு கேட்டால், நீங்கள் முதல் புள்ளியிலிருந்து எழுதுவீர்கள், பக்கத்தில் இருப்பவர் இரண்டாவதிலிருந்து எழுதுவார். பார்க்க வேறு வேறாக இருக்கும், கோடு ஒன்றேதான். வகைக்கெழுச் சமன்பாட்டில் ஒருவர் லாக் வைத்து முடிப்பார், இன்னொருவர் லாக்கை எடுத்துவிட்டு முடிப்பார். ஆக, விடை ஒத்துப்போகவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது, இது வேறு விடையா, அதே விடை வேறு உருவத்தில் இருக்கிறதா என்பதுதான்.

அடுத்தது ஒன் மார்க். "பதினேழாவதுக்கு என்ன ஆப்ஷன்?" என்று எண்ணை வைத்துக் கேட்காதீர்கள். ஏ டைப், பி டைப் என்று வினாத்தாளில் வரிசை மாறி வரும். கேள்வியைப் படித்து, விடையைச் சொல்லி ஒப்பிடுங்கள்.

கூட்டிப் போடும் கணக்கிலும் நிறையத் தப்பு நடக்கிறது. எழுத்துத் தேர்வுக்கு 90: ஒரு மதிப்பெண்ணில் 20 கேள்விகள், இரண்டு மதிப்பெண்ணில் 7, மூன்று மதிப்பெண்ணில் 7, ஐந்து மதிப்பெண்ணில் 7. மீதி 10 அகமதிப்பீடு. ஐந்து மதிப்பெண் கணக்கில் கடைசி வரி தப்பானால் ஐந்தையும் கழித்துவிடுகிறார்கள் பிள்ளைகள். அப்படி இல்லை. சூத்திரம், பிரதியிடல், இடைப்பட்ட படிகள் என்று ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் உண்டு. அதே நியாயப்படி, விடை சரியாக வந்தாலும் நடுவில் படிகளை விழுங்கியவர்கள் முழு மதிப்பெண் போட்டுக்கொள்ளக் கூடாது.

வாட்ஸாப்பில் அன்று மாலையே வரும் ஆன்சர் கீயையும் அவ்வளவு சீக்கிரம் நம்பாதீர்கள். அவசரத்தில் கையால் எழுதிப் போடுவது அது, அதிலும் தப்பு வரும்.

கோவைக்கு இறங்கிப் போய், பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயின் எழுதிவரும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. அங்கே ஷிஃப்ட்டுக்கு ஷிஃப்ட் வினாத்தாளே வேறு. காலையில் எழுதியவரோடு மதியம் எழுதியவர் மதிப்பெண்ணை ஒப்பிட்டுப் பயனில்லை. சரியானால் 4, தப்பானால் 1 கழியும் என்றாலும், கடைசியில் ஷிஃப்ட்டுகளைச் சமன்செய்து பெர்சன்டைலாகத்தான், அதாவது எழுதியவர்களில் நூற்றுக்கு எத்தனை பேருக்கு மேலே இருக்கிறீர்கள் என்றுதான் தருவார்கள். உங்கள் விடைகளும் தற்காலிக ஆன்சர் கீயும் இணையத்தில் வரும். அதுவரை பொறுங்கள்.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்பட வைப்பது, கணிதத்தை ஒப்பிட்டு இயற்பியலைத் தொலைப்பது. பொறியியல் சேர்க்கைக்குப் பார்க்கும் கட்-ஆஃப் மதிப்பெண் 200க்கு. அதில் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்தில் ஒரு மதிப்பெண் போனால் கட்-ஆஃபில் ஒன்று போகும். இயற்பியலில் இரண்டு கூடுதலாக எடுத்தால் அந்த ஒன்று திரும்பி வந்துவிடும். நடந்து முடிந்த தேர்வில் ஒரு மதிப்பெண்ணைக்கூட இனி மாற்ற முடியாது, வரப்போகும் தேர்வில் முடியும். நான் மேலே சொன்ன பெண் அன்று ராத்திரி புத்தகத்தைத் திறக்கவே இல்லை.

வீட்டில் இருப்பவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. தோட்ட வேலை முடித்து வந்ததும் "எத்தனை வரும்?" என்று கேட்காதீர்கள். "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள்.

வினாத்தாளை மடித்து அம்மாவிடமோ அக்காவிடமோ கொடுத்துவிடுங்கள். கடைசித் தேர்வுக்கு அப்புறம் வாங்கி, ஒரு தாளில் ஒவ்வொரு கணக்கையும் நினைவிலிருந்து எழுதி, படிப்படியாகச் சரிபாருங்கள். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். ரிசல்ட் வந்து மதிப்பெண் ரொம்பக் குறைந்தால், விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்துப் பார்த்துவிட்டு, மறுகூட்டலோ மறுமதிப்பீடோ கேட்கலாம். விண்ணப்பிக்கச் சில நாட்கள்தான் கொடுப்பார்கள். எந்தக் கணக்கில் எத்தனை எதிர்பார்த்தீர்கள் என்பதை அந்த அவசரத்தில் யோசித்துக்கொண்டிருக்க வேண்டாம், அந்தத் தாளிலேயே இருக்கும்.