13 கண் பாலம் மாடல் குட்டையா வந்தா இதப் பாருங்க

செங்கோட்டை–புனலூர் லைன்ல உள்ள 13 கண் பாலத்த 1:87 ஸ்கேல்ல (நெசத்துல 87 மி.மீ இருந்தா மாடல்ல 1 மி.மீ) ஃபோம் போர்டுல செஞ்சேன், தண்டவாள இடைவெளி 12 மி.மீ, ஏன்னா 2010 வரைக்கும் அங்க மீட்டர்கேஜ் (1 மீட்டர் இடைவெளி தண்டவாளம்)தான்லா ஓடுச்சு. பழைய பிளான் ஜெராக்ஸ வச்சு வெட்டி நிறுத்துனா மொத்தமும் குட்டையா நிக்கி, கைப்பிடிச்சுவர்ல ரயில் பெட்டி உரசுது. பிளேடு தேஞ்சிட்டுன்னு மாத்துனேன், ரெண்டு தடவ திரும்ப வெட்டுனேன், நாலு நாள் போச்சு.

கடைசியில பிளானுக்கு அடியில கெடந்த 40 அடி அளவுகோட்ட அளந்தேன். 1:87-க்கு 140 மி.மீ வரணும், 123தான் இருந்துச்சு! பழைய பிளான் அடிக்கு அரைக்கால் இஞ்ச், அதாவது 1:96, அது போக ஜெராக்ஸ் கடையில 'ஃபிட் டு பேஜ்' (தாளுக்குள்ள அடங்குற மாதிரி சுருக்குறது) போட்டதுல இன்னும் 3% சுருங்கிருக்கு. 96-ஐ 87-ஆல வகுத்தா 1.103, அதான் "அண்ணாச்சி, ஃபிட் எடுத்துட்டு 110.3% வச்சுப் போடுங்க"ன்னு வாங்கியாந்தேன், கோடு சரியா 140. அப்பாடா, இப்ப பெட்டி உரசாம போவுது.