லேஸி எவாலுவேஷன் காலை வாரும் இடங்கள்

விடை தேவைப்படும்போது மட்டும் கணக்கிடுவதுதான் லேஸி எவாலுவேஷன். அப்படி இயங்கும் நிரல் மொழியான ஹாஸ்கெல்லில் 1 முதல் 1 கோடி வரை ஃபோல்ட்எல் (foldl, லிஸ்ட்டை இடமிருந்து ஒவ்வொன்றாகச் சேர்க்கும் ஃபங்ஷன்) வைத்துக் கூட்டினால் மெமரி எகிறும். ஒவ்வொரு படியிலும் கூட்டல் நடப்பதில்லை. ((0+1)+2)+3 என்று 'பிறகு கணக்கிடலாம்' சீட்டுகள்தான் குவிகின்றன. இந்தச் சீட்டுதான் தங்க். டேட்டா.லிஸ்ட்டில் உள்ள ஃபோல்ட்எல் பிரைமுக்கு (foldl') மாறுங்கள், அந்தந்தப் படியிலேயே கூட்டிவிடும். ஹாஸ்கெல் கம்பைலரான ஜிஹெச்சி-யில் ஆப்டிமைசேஷன் போட்டால் பழைய கோடே பெரும்பாலும் தப்பிவிடும். அதை நம்பி எழுத வேண்டாம். கோடை உடனுக்குடன் இயக்கிப் பார்க்கும் ஜிஹெச்சிஐ-யில் சாதாரணமாக அந்த உதவி கிடையாது.

பிரைம் போட்டும் மெமரி ஏறுகிறதா? சராசரி எடுக்க (கூட்டுத்தொகை, எண்ணிக்கை) என்று டூப்பிள் வைத்திருப்பீர்கள். பிரைம் வெளிக்கூட்டை மட்டுமே திறக்கும், உள்ளே இரண்டும் தங்க்காகவே வளரும். டூப்பிளைப் பிரிக்கும் பேட்டர்னில் இரு மாறிகளுக்கும் முன்னால் ஆச்சரியக்குறி போடுங்கள். அதுதான் பேங் பேட்டர்ன்.

பைத்தான் ஜெனரேட்டரும் (கேட்கக் கேட்க ஒவ்வொரு மதிப்பாகத் தருவது) லேஸிதான், ஆனால் ஹாஸ்கெல் லிஸ்ட்போல விடையை நினைவில் வைக்காது. ஒரே ஜெனரேட்டருக்கு இரண்டாம் முறை சம் போட்டால் 0 வரும், எரர் வராது. அதுதான் ஆபத்து. இருமுறை தேவையென்றால் லிஸ்ட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

க்ளோஜர் (Clojure) மொழி இன்னொரு தினுசு. (range 100) மேல் மேப் போட்டு, ஃபர்ஸ்ட் என்று 1 உறுப்பு கேட்டாலும் 32 உறுப்புகளைக் கணக்கிடும். உள்ளே பிரிண்ட்எல்என் இருந்தால் 32 வரிகள் அச்சாகும். அச்சிடுவது போன்ற பக்கவிளைவுள்ள வேலைக்கு மேப் வேண்டாம், உறுப்புகளை வரிசையாக உடனே ஓட்டும் டூசெக் (doseq) போதும்.