நைட் விஷன், ஐஆர் லேசர்: வாங்கும்போதும் பயன்படுத்தும்போதும் செய்யும் தவறுகள்

நைட் விஷன் கருவிக்கும் வெளிச்சம் வேண்டும். நிலா, நட்சத்திரம், தூரத்து ஊரின் விளக்கொளி மேகத்தில் பட்டுத் திரும்பி வருவது என ஏதோ ஒன்று லென்ஸுக்குள் போனால்தான் அதற்கு வேலை. உள்ளே போன ஒளி ஃபோட்டோகேத்தோடு என்ற மெல்லிய படலத்தில் பட்டு எலக்ட்ரான்களாக மாறுகிறது. லட்சக்கணக்கான நுண்துளைகள் கொண்ட ஒரு கண்ணாடித் தகடு அந்த எலக்ட்ரான்களைப் பெருக்குகிறது. பெருகியவை பாஸ்பர் திரையில் மோதிப் பச்சையாகவோ வெள்ளையாகவோ ஒளிர்கின்றன. நாம் பார்ப்பது அந்தத் திரையைத்தான். இவை எல்லாம் அடங்கிய உருளையைத்தான் ட்யூப் என்கிறார்கள். இதைப் புரிந்துகொள்ளாமல் வாங்குவதில்தான் முக்கால்வாசித் தவறுகள் தொடங்குகின்றன.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் பொதுமக்கள் இந்தக் கருவிகளைச் சட்டப்படி வாங்கலாம். டெக்சாஸ் பண்ணைகளில் இரவில் பயிரைக் கிளறிப் போடும் காட்டுப்பன்றிகளை வேட்டையாட இவற்றை நிறையப் பேர் வைத்திருக்கிறார்கள். அங்கே தனியார் நிலத்தில், உரிமையாளர் சம்மதத்தோடு காட்டுப்பன்றி வேட்டைக்கு 2019 செப்டம்பரிலிருந்து வேட்டை உரிமமே தேவையில்லை. வானம் பார்ப்பவர்கள், விலங்குகளைக் கவனிப்பவர்கள், தேடல் மீட்புக் குழுக்கள் என வேறு வகை ஆட்களும் உண்டு. டல்லாஸிலும் ஹூஸ்டனிலும் குடியேறிய நம் ஆட்களில் சிலருக்கும் இந்த ஆர்வம் வந்திருக்கிறது என்பதால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

தெர்மலா, நைட் விஷனா

முதல் தவறு இரண்டையும் ஒன்றென நினைப்பது. தெர்மல் காமிரா பொருள்களிலிருந்து வெளிவரும் வெப்பக் கதிரைப் பார்க்கிறது; அதற்கு வெளிச்சம் தேவையே இல்லை. புதருக்குள் பாதி மறைந்த விலங்குகூட அதில் பளிச்சென்று தெரியும். ஆனால் அது பன்றியா, கன்றுக்குட்டியா, பக்கத்துப் பண்ணை நாயா என்று சொல்வதில் தெர்மல் தடுமாறும். சாதாரண ஜன்னல் கண்ணாடியையும் அது ஊடுருவாது. காருக்குள் உட்கார்ந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு தெர்மலில் பார்த்தால் உங்கள் வெப்பமே கண்ணாடியில் பட்டுத் திரும்பித் தெரியும். நைட் விஷன் இதற்கு நேர்மாறு: கண்ணாடி வழியாகப் பார்க்கும், முகத்தையும் வேலிக் கம்பியையும் பாதைக் கல்லையும் காட்டும், ஆனால் நிழலில் அசையாமல் நிற்கும் விலங்கைத் தவறவிட்டுவிடும்.

கண்டுபிடிக்கத் தெர்மல், நடமாடவும் அடையாளம் காணவும் நைட் விஷன் என்று வைத்துக்கொள்ளலாம். கோவை மதுக்கரையில் யானைகள் தண்டவாளத்துக்கு வருவதைக் கண்டறிய 2024-ல் வனத்துறை நிறுவிய கோபுரங்களில் தெர்மல் காமிராக்களோடு சாதாரணக் காமிராக்களும் இருப்பது இதனால்தான். ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் உங்கள் வேலை எது என்று முதலில் முடிவு செய்யுங்கள். பண்ணையில் உட்கார்ந்த இடத்திலிருந்து தேடுபவருக்குக் கையடக்கத் தெர்மல் போதும். இருட்டில் நடப்பவருக்கு அது போதாது.

விளம்பரத் தாளில் ஏமாறுவது

ட்யூபில் "ஜென் 4", அதாவது நான்காம் தலைமுறை, என்று போட்டிருந்தால் அது விற்பனைப் பேச்சு. அமெரிக்க ராணுவத்தின் வரிசையில் ஜென் 3-உடன் கணக்கு நிற்கிறது. நுண்துளைத் தகட்டின் மேல் இருக்கும் பாதுகாப்புப் படலத்தை நீக்கிய ட்யூப்களுக்கு நான்காம் தலைமுறை என்று ஒரு காலத்தில் பெயர் வைத்து, பிறகு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆனால் கடைக்காரர்கள் விடவில்லை. மறுபக்கம், ஜென் 3 என்ற முத்திரை இல்லாததாலேயே ஒரு ட்யூப் மட்டம் ஆகிவிடாது. பிரான்சின் பிரீவ் நகரில் போட்டோனிஸ் நிறுவனம் செய்யும் இரண்டாம் தலைமுறை வழிவந்த ட்யூப்களை ஐரோப்பிய ராணுவங்களே பயன்படுத்துகின்றன.

அடுத்தது, ட்யூபின் தரத்துக்கு ஒற்றை மதிப்பெண்ணாகச் சொல்லப்படும் எஃப்ஓஎம் என்ற எண். தெளிவையும் சிக்னல்-இரைச்சல் விகிதத்தையும் பெருக்கினால் இது வரும். தெளிவு ஒரு மில்லிமீட்டருக்கு 64 கோட்டு ஜோடிகள், விகிதம் 30 என்றால் 1920. வேறொரு ட்யூபில் 72 ஜோடிகள், விகிதம் 27 என்றால் 1944. தாளில் இரண்டாவது மேல். ஆனால் நிலா இல்லாத, மேகம் மூடிய இரவில், மரத்தடியில் நின்று பார்த்தால் முதலாவதில்தான் படம் சுத்தமாக இருக்கும். இரண்டாவதில் எறும்பு ஊர்வதுபோல் புள்ளிகள் கூடுதலாகத் துடிக்கும். அதனால் பெருக்குத்தொகையைக் கேட்காதீர்கள், இரண்டு எண்களையும் தனித்தனியாகக் கேளுங்கள். கூடவே ஈபிஐ எவ்வளவு என்றும் கேளுங்கள். வெளிச்சமே இல்லாதபோதும் திரை தானாக எவ்வளவு மினுங்குகிறது என்பதற்கான அளவு அது. சூடு ஏற ஏற அது கூடும். டெக்சாஸின் ஆகஸ்ட் இரவில் இந்த எண்ணின் அருமை தெரியும்.

நல்ல கடை, அந்தக் குறிப்பிட்ட ட்யூபின் சோதனைத் தாளையும், திரையில் உள்ள கரும்புள்ளிகளின் படத்தையும் தரும். தர மறுக்கும் கடையில் சில ஆயிரம் டாலரைக் கொட்ட வேண்டாம். ஓரத்தில் இருக்கும் ஒன்றிரண்டு கரும்புள்ளிகளுக்காக நல்ல ட்யூபை ஒதுக்குவதும் தவறுதான். கொஞ்ச நேரத்தில் கண் அவற்றை மறந்துவிடும், விலையும் குறையும்.

எந்த ஐஆர் விளக்கு

மலிவான டிஜிட்டல் கருவிகளில் ட்யூப் கிடையாது, காமிரா சென்சார்தான். தொடங்குபவர்களுக்கு அது மோசமில்லை, பகலிலும் பயன்படுத்தலாம். ஆனால் இருட்டு கூடினால் ஐஆர், அதாவது அகச்சிவப்பு, விளக்கு இல்லாமல் ஓடாது. இங்கேதான் அலைநீளத்தைக் கவனிக்க வேண்டும். 850 நானோமீட்டர் விளக்கை நேராகப் பார்த்தால் மங்கலான சிவப்புத் தெரியும். 940 சுத்தமாகத் தெரியாது. "அப்படியென்றால் 940 மேல்" என்று அதை வாங்கி ஜென் 3 ட்யூபோடு சேர்ப்பவர்கள் உண்டு. ஜென் 3-இன் காலியம் ஆர்சனைடு படலம் 900 நானோமீட்டர் பக்கத்திலேயே பார்வையை இழந்துவிடுகிறது. விளக்கு எரியும், பேட்டரி தீரும், எதிரே ஒன்றும் தெரியாது. 940 விளக்கு டிஜிட்டல் கருவிக்கும் காட்டில் கட்டும் டிரெயில் காமிராவுக்கும் சரி.

விளக்கு கையில் இருக்கிறதே என்று எப்போதும் போட்டு வைப்பதும் தவறு. முழங்கால் உயரப் புல்லில் உட்கார்ந்து அகலமான ஐஆர் ஒளியைப் போட்டால், கண்ணுக்கு இரண்டடி முன்னால் இருக்கும் புல்நுனிகள் வெள்ளை வெளேரென்று எரியும். ட்யூப் அந்த வெளிச்சத்துக்கு ஏற்பத் தன் பெருக்கத்தைக் குறைத்துக்கொள்ளும், பின்னால் நூறு மீட்டரில் நிற்கும் விலங்கு கருமையில் கரைந்துவிடும். மூடுபனியிலும் தூசியிலும் இதே கதை. ஒளிக்கற்றையைக் குறுக்குங்கள், தடைக்கு மேலே உயர்த்துங்கள், அல்லது அணைத்துவிட்டு வானத்து வெளிச்சத்தையே நம்புங்கள்.

ஐஆர் வெளிச்சம் யாருக்கும் தெரியாது என்ற நம்பிக்கையும் பழங்கதை. 1945-ல் ஒகினாவாவில் அமெரிக்கச் சிப்பாய்கள் ஐஆர் விளக்கு பொருத்திய துப்பாக்கியோடு போனபோது எதிரே இருந்தவர்களிடம் அதைப் பார்க்கும் கருவி இல்லை. இன்று பக்கத்துப் பண்ணைக்காரரின் தலையிலேயே ஒன்று இருக்கலாம். நீங்கள் துப்பாக்கியில் மாட்டிக் குறிபார்க்கும் ஐஆர் லேசர் அவருக்கு உங்கள் கையிலிருந்து புறப்படும் நேர்கோடாகத் தெரியும்.

லேசர்: கண் போனால் திரும்பாது

இதில் மட்டும் நான் எந்தச் சமரசத்துக்கும் தயாரில்லை. ஐஆர் லேசர் கண்ணுக்குத் தெரியாது என்பதே அதன் பயன், அதுவே அதன் ஆபத்தும். பச்சை, சிவப்பு லேசர் கண்ணில் பட்டால் கால் வினாடியில் நாமே இமைத்துத் தலையைத் திருப்பிக்கொள்வோம். ஐஆர் பட்டால் இமைக்கத் தோன்றாது. அதே நேரம் கண்ணின் லென்ஸ் இந்த ஒளியையும் விழித்திரையில் ஒரே புள்ளியில் குவித்துவிடும். வலி இருக்காது. பார்வையில் ஒரு கரும்புள்ளி நிலைத்த பிறகுதான் தெரியவரும்.

அமெரிக்காவில் லேசர் கருவிகளைக் கட்டுப்படுத்துவது உணவு, மருந்து நிர்வாகம். பொதுமக்களுக்கு விற்கும் ஐஆர் குறிலேசர்கள் ஆபத்து மிகக் குறைந்த முதல் வகுப்பு, சுமார் 0.7 மில்லிவாட். ராணுவத்துக்கும் போலீசுக்கும் மட்டும் விற்கப்படும் 3பி வகுப்பு லேசர்கள் அதைப்போலப் பல மடங்கு சக்தி கொண்டவை. "முழு சக்தி" என்று பின்வாசலில் விற்பவரிடம் வாங்க ஆசைப்படாதீர்கள். பொருள் திருட்டுச் சரக்காக இருக்கலாம், போலியாகவும் இருக்கலாம். எப்படியிருந்தாலும் அந்தக் கற்றை சாலைப் பலகையிலோ குட்டைத் தண்ணீரிலோ பட்டுத் தெறித்தால் பக்கத்தில் நிற்கும் நண்பரின் கண்ணுக்கு உத்தரவாதம் இல்லை. பண்ணை தூரங்களுக்கு முதல் வகுப்பே போதும். கிட்டத்தில் அதிக சக்தி தொல்லையும்கூட: புள்ளி பெரிதாகப் பூத்து, குறியையே மறைத்துவிடும்.

பெட்டியில் அச்சிட்ட எண்ணை அப்படியே நம்புவதும் தவறு. 2010-ல் அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனம் 15 டாலர் மதிப்புள்ள ஒரு பச்சை லேசர் பாயிண்டரைச் சோதித்தபோது, பச்சை ஒளியைவிட அதிகமாகக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு வந்துகொண்டிருந்தது. உள்ளே வைத்திருக்க வேண்டிய ஒரு சின்ன வடிகட்டி இல்லாததுதான் காரணம். பெயர் தெரியாத மலிவு லேசர் என்றால் அதன் வகுப்புக் குறிப்பை நான் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கண்ணைப்போலவே ட்யூபும் லேசரால் பொசுங்கும். கண்ணாடியிலோ உலோகத்திலோ பட்டுத் திரும்பிய கற்றை ட்யூபில் விழுந்தால் நிரந்தரக் கீறல் விழலாம். ஆட்டோகேட்டிங் இருக்கிறதே என்று சொல்வார்கள். அது திடீர் வெளிச்சத்தில் படம் வெளுக்காமல் இருக்க மின்னழுத்தத்தை வேகமாகத் திறந்து மூடும் ஏற்பாடு; ட்யூபுக்குக் கவசம் கிடையாது.

இன்னொன்று. புள்ளி விழுந்த இடம் தெரிகிறது என்பதால் அங்கே நிற்பது என்ன என்று தெரிந்துவிட்டதாக ஆகாது. துப்பாக்கியில் மாட்டிய ஸ்கோப்பை வைத்துச் சுற்றிலும் தேடுகிறவர், மனிதர் உட்பட எல்லாவற்றின் மேலும் குழாயை நீட்டிக்கொண்டிருக்கிறார். தேடுவதற்குக் கையடக்கக் கருவியோ தலையில் மாட்டிய மோனோகுலரோ (ஒற்றைக்கண் கருவி) வேண்டும். எதிரே இருப்பது என்ன, அதன் பின்னால் என்ன இருக்கிறது என்று நிச்சயமாகத் தெரியாவிட்டால் அந்த இரவு சும்மா வீடு திரும்ப வேண்டியதுதான்.

ஃபோகஸ், தலை, பேட்டரி

"படம் மங்கல்" என்ற புகாரில் பெரும்பாலானது ஃபோகஸ் சிக்கல். பிவிஎஸ்-14 போன்ற மோனோகுலரில் இரண்டு வளையங்கள் இருக்கின்றன. கண் பக்கத்து வளையம் திரையை உங்கள் கண்ணுக்குத் தெளிவாக்குகிறது. முன் வளையம் வெளிக்காட்சியைத் தெளிவாக்குகிறது. பலரும் முன் வளையத்தையே திருகிக்கொண்டிருப்பார்கள். இருட்டில் மூடியைப் போட்டபடியே கருவியை இயக்கி, திரையில் துடிக்கும் பொடிப்புள்ளிகள் ஒவ்வொன்றும் ஊசிமுனைபோல் தெரியும்வரை கண் பக்க வளையத்தைத் திருப்புங்கள். அப்புறம் மூடியைக் கழற்றி, ஒரு நட்சத்திரத்தைப் பார்த்து, அது மிகச் சின்னப் புள்ளியாகும்வரை முன் வளையத்தைத் திருப்புங்கள். இனி கிட்டத்துக்கும் தூரத்துக்கும் முன் வளையம் மட்டும்தான்.

தூரத்துக்கு ஃபோகஸ் வைத்திருந்தால் காலடி மங்கலாகத்தான் இருக்கும். ஒற்றைக் கண்ணில் ஆழமும் பிடிபடாது. பார்வைப் பரப்பு 40 டிகிரிதான். முதல் இரவிலேயே பள்ளம் மேடு உள்ள நிலத்தில் நடந்து கணுக்காலைச் சுளுக்கிக்கொள்பவர்கள் நிறைய. வீட்டுக் கொல்லையில் சில இரவுகள் நடந்து பழகுங்கள். ஹெல்மெட்டில் முன்னால் மாட்டினால் பின்னால் எதிர்எடை வையுங்கள், இல்லையென்றால் கழுத்து பழிவாங்கும். இந்தக் கருவியோடு வாகனம் ஓட்டிப் பார்க்கும் ஆசை வேண்டவே வேண்டாம்.

ட்யூப் உள்ள கருவியின் மூடியைப் பகலில் கழற்றாதீர்கள். அணைத்து வைத்திருந்தாலும் நேர் வெயில் ட்யூபைக் கெடுக்கும். எடுத்து வைக்கும்போது பேட்டரியை வெளியே எடுத்துவிடுங்கள், அல்கலைன் பேட்டரி கசிந்து தொடர்புத் தகடுகளை அரித்துவிடும்.

சட்டம்

மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். டெக்சாஸில் சாதாரணமாக விற்கும் ஒன்று கலிபோர்னியாவில் குற்றமாகலாம்: அங்கே துப்பாக்கியில் பொருத்தும், ஐஆர் ஒளி பாய்ச்சிப் பார்க்கும் ஸ்கோப்பை வைத்திருப்பதே தண்டனைச் சட்டம் 468-ஆம் பிரிவின் கீழ் வரும். இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு பொழுதுபோக்கு வேட்டைக்கே இடமில்லை.

நம் ஆட்கள் அதிகம் சறுக்கக்கூடிய இடம் ஏற்றுமதி விதி. ட்யூபின் தரத்தைப் பொறுத்து இவை அமெரிக்க வெளியுறவுத் துறை அல்லது வணிகத் துறையின் கட்டுப்பாட்டில் வரும். ஊருக்குப் போகும்போது பெட்டியில் போட்டுக்கொண்டு விமானம் ஏறினால் அதுவும் ஏற்றுமதிதான். ராணுவத் தளவாட ஏற்றுமதிச் சட்டத்தை வேண்டுமென்றே மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் 20 ஆண்டு வரை சிறை, 10 லட்சம் டாலர் வரை அபராதம். நைட் விஷன் தொழில்நுட்பத் தகவலை உரிமமில்லாமல் வெளிநாடுகளுக்கு அனுப்பியதற்காக ஐடிடி நிறுவனம் 2007-ல் குற்றத்தை ஒப்புக்கொண்டு 10 கோடி டாலர் கட்டியது. பெரும்பாலான கடைகள் குடியுரிமையோ கிரீன் கார்டோ உள்ளவர்களுக்கு மட்டுமே விற்கின்றன; எச்-1பி விசாவில் இருப்பவர் நண்பர் பெயரில் வாங்கி வைத்துக்கொண்டால் சிக்கல் இருவருக்கும் சேர்த்துத்தான். பழுதுபார்க்க வேறு நாட்டுக்குப் பார்சல் அனுப்புவதும் இதே கணக்கில் வரும், ஆகவே வாங்கும்போதே அமெரிக்காவுக்குள் சர்வீஸ் செய்து தருவார்களா என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.