பழுதை வாயால் ஒப்படைக்காதீர்கள்: விமானம் நிற்குமிடத்தில் தவிர்க்க வேண்டிய சில தவறுகள்

சென்ற மாதம், தூத்துக்குடி விமான நிலையம் இருக்கும் வாகைக்குளம் போகும் வழியிலுள்ள பயிற்சித் திடல் ஒன்றில், ரேம்ப் எனப்படும் விமானம் நிற்குமிடத்து வேலைக்குப் புதிதாகச் சேரவிருக்கும் பிள்ளைகளுக்கு இரண்டு நாள் வகுப்பெடுக்கப் போயிருந்தேன். பயணிகள் ஏறும் படிக்கட்டு வண்டியின் முட்டுக்கால் ஒன்றில் ஹைட்ராலிக் எண்ணெய் கசிந்து, தரையில் தட்டளவுக்குத் தேங்கிக் கிடந்தது. இதை யாரும் பார்க்கவில்லையா என்று கேட்டேன். பாளையங்கோட்டைப் பையன் ஒருவன் சற்றும் தயங்காமல், "நான் நேத்தே பாத்துட்டேன் அண்ணாச்சி, இவன்கிட்ட சொல்லிட்டம்லா" என்று பக்கத்து இருக்கையைக் காட்டினான். அந்த இருக்கை காலியாக இருந்தது. சொல்லக் கேட்டவன் அன்றைக்கு வகுப்புக்கே வரவில்லை.

வளைகுடா விமான நிலையம் ஒன்றில் 22 ஆண்டுகள் ரேம்பில் நின்றவன் நான். அந்தப் பையன் சொன்ன பதிலை, ஏறக்குறைய அதே சொற்களில், நானும் ஒருமுறை சொல்லியிருக்கிறேன். அதனால்தான் இதை எழுதுகிறேன். என்ஜின் ஓடும்போது அருகே போகாதே, சிவப்பு பீக்கன் விளக்கு அணையும்வரை காத்திரு, காதுக்கவசம் போடு என்பவற்றையெல்லாம் முதல் நாளிலேயே எல்லா இடங்களிலும் சொல்லித் தருகிறார்கள் என்பதால் அவற்றை இங்கே தொடப்போவதில்லை.

பழுதை வாயால் சொல்லிவிட்டுப் போதல்

பெட்டிகளை விமானத்தின் வயிற்றுக்குள் ஏற்றும் பெல்ட் லோடரில் ஒரு நாள் இரவுப் பணியின் கடைசி மணி நேரத்தில் பிரேக் பெடலை மிதித்தபோது, அது தரைவரை மெல்ல இறங்கியது. இரண்டாம் முறை வேகமாக மிதித்ததும் கல்லைப்போல் நின்றது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். சாவியை அதிலேயே விட்டேன். பணியாளர் பேருந்து கிளம்பிக்கொண்டிருந்ததால், எனக்கு அடுத்து வேலைக்கு வந்தவரிடம் ஓடிக்கொண்டே, ஏழாம் எண் லோடரை எடுக்க வேண்டாம் என்று சொன்னேன். அவரும் தலையசைத்தார். கடமை முடிந்தது என்ற நினைப்போடு அறைக்குப் போய்த் தூங்கிவிட்டேன்.

தலையசைத்தவரை அரை மணி நேரத்தில் வேறொரு நிறுத்துமிடத்துக்கு மாற்றிவிட்டார்கள். திருவனந்தபுரம் புறப்படவிருந்த விமானத்துக்கு லோடர் தேவைப்பட்டபோது, என்னையும் அறியாத, அவரையும் அறியாத மூன்றாமவர் ஒருவர் ஏழாம் எண்ணை எடுத்துக்கொண்டு போனார். அவர் விதியை மீறியவரல்லர். விமானத்தைச் சுற்றிய சிவப்புக் கோட்டுக்கு வெளியே வண்டியை முழுமையாக நிறுத்தி பிரேக்கைச் சோதித்த பிறகுதான் உள்ளே நுழைந்தார். வலுவாக மிதித்ததால் சோதனையில் பிரேக் பிடித்தது. ஆனால் விமானத்தின் வயிற்றருகே நடை வேகத்திலும் குறைவாக நகரும்போது எவரும் வலுவாக மிதிப்பதில்லை; மெதுவாகத்தான் அழுத்துவார்கள். பிரேக் எண்ணெயை அழுத்தித் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரின் உள்சீல் தேய்ந்திருந்தால், வேகமான அழுத்தத்தை அது தாங்கிக்கொள்ளும். மெதுவான அழுத்தத்தில் எண்ணெய் சீலைத் தாண்டி உள்ளுக்குள்ளேயே பின்வாங்க, பெடல் இறங்கிவிடும். லோடரின் முனை பின்பக்கச் சரக்குக் கதவின் விளிம்புக்குக் கீழே போய் முட்டி நின்றது.

ஓர் இட்லித்தட்டுக் குழியளவு பள்ளந்தான். ஆனால் விமானத்தின் அலுமினியத் தோல் பல இடங்களில் இரண்டு மில்லிமீட்டர் கனங்கூட இல்லாதது. உயரத்தில் பறக்கும்போது உள்ளிருக்கும் காற்று அந்தத் தோலைச் சதுர அங்குலத்துக்கு ஏறக்குறைய 8 பவுண்டு விசையோடு வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். சதுர மீட்டருக்குக் கணக்கிட்டால் ஐந்தரை டன் வரும். பள்ளத்தின் நீளம், ஆழம், அருகிலுள்ள ரிவெட் வரிசைக்கும் அதற்கும் இடையிலான தூரம் ஆகியவற்றைப் பொறியாளர் அளந்து, பழுதுநீக்கக் கையேட்டின் வரம்போடு ஒப்பிட்டார். வரம்பைத் தாண்டியிருந்தது. அந்த விமானம் அன்றைக்குப் பறக்கவில்லை.

திருவனந்தபுரம் விமானம் என்றால், பயணிகளில் நம் பக்கத்து ஆட்கள் நிறையப் பேர் இருப்பார்கள் என்று நெல்லைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வள்ளியூரில் மறுநாள் காலை தங்கையின் கல்யாணத்துக்குத் தாரை வார்த்துக் கொடுக்க வேண்டிய அண்ணன் ஒருவர் அதில் இருந்தார் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டேன். லோடரை ஓட்டியவருக்கு உள்ளே வண்டி ஓட்டும் அனுமதி பறிபோனது. விசாரணைக்கு அழைக்கப்பட்டபோது, "நான் சொல்லிவிட்டுத்தான் போனேன்" என்று நான் அழுத்தமாகவே சொன்னேன். மேற்பார்வையாளர் எரிச்சல் இல்லாமல், "வண்டியிடம் சொன்னாயா?" என்று மட்டும் கேட்டார்.

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு ஆற்றாமையாக இருப்பது, அந்த வேலை எவ்வளவு சிறியது என்பதை நினைக்கும்போதுதான். சாவியைக் கழற்றுவதற்கும், சிவப்பு அட்டை ஒன்றை ஸ்டியரிங்கில் கட்டுவதற்கும், பதிவேட்டில் வண்டி எண்ணை எழுதுவதற்கும் சேர்த்து இரண்டு நிமிடம் ஆகியிருக்காது. மலையாளம், இந்தி, உருது, வங்காளம் என நாலைந்து மொழிகள் புழங்கும் அந்த இடத்தில், அனைவருக்கும் புரிந்திருக்கக்கூடிய ஒரே பேச்சு அந்தச் சிவப்பு அட்டைதான்.

அட்டை கட்டுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. புதியவர்கள் பெரும்பாலும் இதில் தவறுகிறார்கள். "பிரேக் சரியில்லை" என்று எழுதினால், மெக்கானிக் வந்து ஓங்கி மிதித்துப் பார்த்து, நன்றாகத்தானே பிடிக்கிறது என்று அட்டையைக் கழற்றிவிடுவார். "மெதுவாக அழுத்தினால் பெடல் தரைவரை இறங்குகிறது, இரண்டாம் மிதியில் நிற்கிறது" என்று, நீங்கள் கண்டதைக் கண்டபடியே எழுதுங்கள். பழுது நீக்கிக் கையொப்பமிட்டவரைத் தவிர வேறு எவரும் அட்டையைக் கழற்றக் கூடாது. ஆள் வருவதற்குள் வண்டி தேவைப்படுகிறது, இந்த ஒரு விமானத்துக்கு மட்டும் பார்த்து ஓட்டிக்கொள்கிறேன் என்று வருபவர் அநேகமாக உங்களுக்கு மூத்தவராகத்தான் இருப்பார். அவரிடம் சாவியைக் கொடுக்காமல் இருப்பதற்குத்தான் உண்மையில் துணிச்சல் வேண்டும்.

"சும்மா உரசல்தானே" என்று மறைத்தல்

2005 டிசம்பர் 26 அன்று, அமெரிக்காவின் சியாட்டிலிலிருந்து பர்பாங்க் நோக்கிக் கிளம்பிய அலாஸ்கா ஏர்லைன்ஸின் எம்டி-83 விமானத்தை, பெட்டி ஏற்றும் பணியின்போது தரைப்பணியாளர் ஓட்டிய வண்டி உரசியிருந்தது. அவர் அதைச் சொல்லவில்லை. விமானம் ஏறக்குறைய 26,000 அடி உயரத்தை எட்டியபோது, உரசிய இடம் ஓர் அடி நீளத்துக்கும் அரையடி அகலத்துக்கும் கிழிந்து, உள்ளிருந்த காற்றழுத்தம் போய்விட்டது. விமானி விரைந்து கீழிறக்கிச் சியாட்டிலுக்கே திரும்பியதால் அனைவரும் உயிர் பிழைத்தார்கள்.

இன்றைய நிலைமை இதைவிடக் கடினம். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ஆகியவற்றின் உடல் கார்பன் இழைக் கலவையால் ஆனது. அலுமினியம் அடிபட்டால் பள்ளம் விழுந்து காட்டிக்கொடுக்கும்; கார்பன் இழையிலோ வெளியே கீறல்கூடத் தெரியாமல் உள்ளடுக்குகள் பிரிந்திருக்கலாம். ஒன்றும் தெரியவில்லையே என்பது அங்கே சாட்சியாகாது.

ஷியர் பின்னுக்குப் பதிலாகக் கிடைத்த போல்ட்டை மாட்டுதல்

விமானத்தைப் பின்னுக்குத் தள்ளும்போது இழுவண்டியையும் முன்சக்கரத்தையும் இணைக்கும் கம்பியான டோ பாரில் உள்ள ஷியர் பின், அளவுக்கு மீறிய விசை வந்தால் உடைய வேண்டும் என்றே செய்யப்பட்டது. அது உடைந்தால் முன்சக்கரக் கால் தப்பும். அடிக்கடி உடைகிறதே என்று எண்ணி, கடையில் கிடைக்கும் முரட்டு போல்ட்டை மாட்டிவிட்டு, அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த போல்ட் உடையாது. அதற்குப் பதிலாக விமானத்தின் கால் உடையும்.

ஷியர் பின் உடைந்த பிறகு என்ன நடக்கும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும். 2024 ஆனித் தேரோட்டத்தில் நெல்லையப்பர் தேரின் வடம் அறுந்ததை ஊரே பார்த்தது. வடம் அறுந்தால் தேர் நின்றுவிடும். பின்னுக்குத் தள்ளப்படும் விமானமோ டோ பார் விட்டுப்போனாலும் நிற்காது. எழுபது டன் எடை தன் போக்கில் உருளும். மழைநீரும் சிந்திய எரிபொருளும் கட்டடத்தின் பக்கம் ஓடி வராதபடி, தரையையும் கட்டடத்திலிருந்து விலகிச் சரியும்படி அமைப்பது வழக்கம் என்பதால், அந்தச் சரிவும் உருளலுக்குத் துணை செய்யும். அப்போது ஹெட்செட் போட்டுக்கொண்டு கீழிருந்து விமானியிடம் பேசுபவர் பதறிக் கத்தக் கூடாது. விமானி திடுக்கிட்டு முழு வலுவோடு பிரேக் போட்டால், பின்னோக்கி உருளும் விமானம் முன்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு வாலில் உட்கார்ந்துவிடக்கூடும். டோ பார் விட்டுப்போய்விட்டது, மெதுவாக நிறுத்துங்கள் என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

பாலத்தின் ஆட்டோ லெவலரை நம்பி நகர்ந்துவிடுதல்

பெட்டியும் எரிபொருளும் ஏற ஏற விமானம் தாழும். இறங்க இறங்க உயரும். பயணிகள் விமானத்துக்குள் நடந்து போகும் பாலமான ஏரோபிரிட்ஜின் பக்கவாட்டில் விமானத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும் சிறு சக்கரம் இந்த அசைவை உணர்ந்து, பாலத்தையும் கூடவே ஏற்றி இறக்கும்; அதுதான் ஆட்டோ லெவலர். அந்தச் சக்கரம் ஈரத்தில் வழுக்கினாலோ, அதன் சுவிட்ச் சிக்கிக்கொண்டாலோ பாலம் அசையாமல் நிற்கும். விமானம் தாழ்ந்து, திறந்திருக்கும் கதவின் அடிப்புறம் பாலத்தின் தளத்தில் அமரும். தாழும் விமானத்தின் பாரம் கதவின் கீலில் வரும்போது கீல் என்னாகும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கதவுக்கு அடியில் பாதுகாப்புக் கட்டையை வைத்திருந்தால், கதவு அதைத் தொட்ட கணத்திலேயே பாலம் தானாக இறங்கிவிடும். பாதி இடங்களில் அந்தக் கட்டை மூலையில் தூசி படிந்து கிடக்கிறது.

பூட்டுப் பின்னைப் போட்டாயிற்று என்று தூரத்திலிருந்தே நம்புதல்

2021 ஜூன் 18 அன்று, லண்டன் ஹீத்ரோவில், பிரிட்டிஷ் ஏர்வேஸின் 787 ஒன்று நிறுத்துமிடத்தில் நின்றபடியே மூக்கைத் தரையில் இடித்துக்கொண்டது. முன்சக்கரம் மடங்காதபடி பூட்டும் பின், அதற்குரிய துளையில் இல்லாமல், அருகிலிருந்த வேறொரு துளையில் செருகப்பட்டிருந்தது. பின் இருக்கிறதா என்பதை மட்டுமல்லாமல், எந்தத் துளையில் இருக்கிறது என்பதையும் கிட்டப் போய்ப் பாருங்கள்.

ஏடிஆரின் வாலுக்கு முட்டுக் கொடுக்க மறத்தல்

மறக்காதீர்கள். வாகைக்குளத்தில் பல ஆண்டுகளாகப் பார்த்துவரும் ஏடிஆர் 72 விமானத்தில் பயணிகள் ஏறுவது பின்வாசல் வழியாக; பின்னால் பாரம் கூடினால், முட்டு இல்லாத விமானம் வாலில் உட்கார்ந்துவிடக்கூடும்.

காற்றைக் கணக்கில் கொள்ளாமை

ஆனி, ஆடி மாதங்களில் ஆரல்வாய்மொழி, செங்கோட்டைக் கணவாய்கள் வழியாக வரும் காற்று, முப்பந்தல் காற்றாலைகளுக்கு மட்டும் உரியதன்று. இழுகம்பியைத் தூக்கி நிறுத்தினால் பிரேக் பிடித்துக்கொள்ளும்படியான பெட்டி டிராலிகளில், ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் கம்பி நிமிர்ந்தபடியே இருக்க, வண்டி நகரும். தேருக்குக் கட்டை போடுபவர் சக்கரத்தைவிட்டுக் கண்ணை எடுப்பதில்லை. டிராலியை விட்டுவிட்டுத் தேநீருக்குப் போகிறவர் ஒருமுறை கையால் தள்ளியாவது பார்த்துவிட்டுப் போகலாம்.

உருளும் வண்டியைக் கையால் பிடித்து நிறுத்த முயலுதல்

விட்டுவிடுங்கள். விமானத்துக்குக் காப்பீடு உண்டு.