துணைவரின் விசாவில் வெளிநாடு செல்பவர் தமக்கென ஒரு வேலையை அமைத்துக்கொள்வது எப்படி

வேலூர்ப் பக்கத்தில் ஒருவருக்கு வெளிநாட்டுப் பணி ஆணை வந்துவிட்டால், வீடு முழுவதும் அவருடைய விசா, சம்பளம், புறப்படும் தேதி ஆகியவற்றைப் பற்றியே பேசுகிறது. உடன் செல்லப்போகிறவரின் வேலையைப் பற்றிய பேச்சோ, 'அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்பதோடு முடிந்துவிடுகிறது. உடன் செல்பவர் என்றால் மனைவிதான் என்றும் நினைத்துக்கொள்கிறோம். 1909-லேயே செவிலியர் பயிற்சி தொடங்கிய இந்த ஊரிலிருந்து மனைவியின் விசாவில் செல்லும் கணவர்களும் பலர். அவர்களுள் நானும் ஒருவன். ஆம்பூரில் ஒரு தோல் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் பணியாற்றிவிட்டு, செவிலியரான என் மனைவியுடன் இங்கிலாந்து சென்றேன். போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று சென்றதால் ஏறத்தாழ ஓராண்டு வீணாயிற்று. அந்த ஓராண்டில் நான் அலைந்து தேடிய தாள்களில் பெரும்பாலானவை புறப்படுமுன் ஊரிலேயே கிடைத்திருக்கக்கூடியவை.

முதலில் உறுதிசெய்ய வேண்டியது, துணைவர் விசா உங்களை வேலை செய்ய விடுமா என்பது. அமெரிக்காவில் எச்-1பி என்னும் தனித்திறன் பணி விசா பெற்றவரின் துணைவருக்குரிய எச்-4 விசாவில் ஊதியத்துக்கு வேலை செய்ய இயலாது. எச்-1பி பெற்றவருக்கு நிரந்தர வசிப்புரிமைக்கான ஐ-140 மனு ஏற்கப்பட்டிருத்தல் முதலான சில நிலைகளில் மட்டுமே, 2015 முதல், தனி வேலை அனுமதி அட்டை கோரலாம். தம் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைக்கு மாற்றலாகிச் செல்லும் எல்-1 பணியாளரின் துணைவருக்கு அவ்வாறு தனியே அனுமதி பெற வேண்டியதில்லை. ஆகவே நிறுவனம் இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க இடமளித்தால், அந்த முடிவில் உங்கள் வேலையும் அடங்கியிருக்கிறது என்பதைத் துணைவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். ஜெர்மனியில் உயர்கல்வித் தகுதியுள்ள பணியாளருக்கான நீல அட்டை பெற்றவரின் துணைவர் தொடக்கத்திலிருந்தே வேலை செய்யலாம். பிரிட்டனில் செவிலியரின் துணைவர் தொழில்முறை விளையாட்டு தவிர ஏறத்தாழ எந்த வேலைக்கும் செல்லலாம். ஆனால் பராமரிப்புப் பணியாளர் விசாவில் புதிதாகச் சென்றோர் 2024 மார்ச் 11 முதல் துணைவரை அழைத்துச் செல்ல முடியாமல் போயிற்று, 2025 ஜூலை 22 முதல் வெளிநாட்டிலிருந்து அவ்விசாவுக்குப் புதிதாக விண்ணப்பிக்கவும் வழியில்லை. இவ்விதிகள் அடிக்கடி மாறுவதால், முகவரின் வாய்ச்சொல்லை நம்பாமல், அந்தந்த நாட்டு அரசின் இணையதளத்தை நீங்களே படித்துப் பாருங்கள்.

அடுத்தது ஆவணங்கள். திருமணத்தை மண்டபத்தில் நடத்தியதோடு விட்டுவிட்டவர்கள் உடனே சார்பதிவாளர் அலுவலகத்துக்குச் செல்ல வேண்டும். 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி தமிழ்நாட்டில் 90 நாள்களுக்குள் பதிவு செய்வது கட்டாயம், கூடுதல் கட்டணத்துடன் மேலும் 60 நாள்கள் உண்டு. இதோடு வட ஆற்காட்டுக்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. 1989-இல் பழைய வட ஆற்காடு இரண்டாகப் பிரிந்து, ஒரு பகுதி வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டமாகிப் பின்னர் வேலூர் மாவட்டம் எனப் பெயர் பெற்றது. 2019-இல் அதிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் தனி மாவட்டங்களாயின. அதனால் 1985-இல் வாலாஜாபேட்டையில் பிறந்த ஒருவரின் பிறப்புச் சான்றிதழில் வட ஆற்காடு என்றும், கல்லூரிச் சான்றுகளில் வேலூர் என்றும், ஆதாரில் ராணிப்பேட்டை என்றும் இருக்கலாம். ஊர் மாறவில்லை, மாவட்டத்தின் பெயர்தான் மாறியது என்பது அயல்நாட்டு அலுவலருக்குத் தெரியாது. பழைய சான்றிதழ்களைத் திருத்த முயல வேண்டாம். எல்லா விண்ணப்பங்களிலும் பாஸ்போர்ட்டில் உள்ள பிறந்த ஊரை எழுத்து மாறாமல் எழுதி, பெயர் மாற்றத்தை விளக்கும் ஒரு பக்கக் கடிதத்தை இணைத்துவிடுங்கள்.

பெயரின் முதலெழுத்தும் இதே போன்றதுதான். மதிப்பெண் பட்டியலில் தந்தையின் பெயர் ஓர் எழுத்தாக நிற்கிறது. பாஸ்போர்ட்டில் அதுவே குடும்பப் பெயராக விரிந்துவிடுகிறது. இரண்டும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைப்பது நல்லது.

பட்டப்படிப்புச் சான்றிதழில் கல்லூரியின் பெயரைவிட, பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரைப் பாருங்கள். சேர்க்காட்டிலுள்ள திருவள்ளுவர் பல்கலைக்கழகம் 2002-இல்தான் தொடங்கப்பட்டது. அதற்கு முன் படித்தவர்கள் ஊரிஸ் கல்லூரி மாணவராயினும் சென்னைப் பல்கலைக்கழகத்தையே அணுக வேண்டும். முத்திரையிட்ட உறையில் மதிப்பெண் பட்டியல்களைப் பெற வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், விசா வரும்வரை காத்திருக்காமல் இப்போதே விண்ணப்பியுங்கள். சான்றிதழ் உண்மையானது என்று அயல்நாடு ஏற்பதற்கான அப்போஸ்டில் முத்திரை தேவையெனில், மாநில உயர்கல்வித் துறையின் சான்றொப்பமும் அதன்பின் வெளியுறவு அமைச்சகத்தின் முத்திரையும் பெற வேண்டும்.

நான் மிகவும் வருந்தியது அனுபவச் சான்றிதழ் விஷயத்தில்தான். ஒன்பது ஆண்டுப் பணிக்கு எனக்குக் கிடைத்த கடிதத்தில், நன்னடத்தையுடன் பணியாற்றினார் என்ற ஒரே வரி இருந்தது. இங்கிலாந்தில் வேலை தருபவர் கேட்பது வேறு: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, என்ன பொறுப்பு, எந்த மென்பொருள், யாரிடம் மின்னஞ்சலில் விசாரிக்கலாம் என்பவை. விடைபெறும் நாளில் மேலாளருக்கு உங்கள் மீதுள்ள அன்பு அடுத்த ஆண்டும் இருக்கும். அவர் அதே நிறுவனத்தில் இருப்பார் என்று சொல்ல முடியாது. ஆகவே கடிதத்தை நீங்களே வரைந்து கொடுத்து, நிறுவனத் தாளில் கையொப்பம் பெறுங்கள்.

வேலையைத் தேர்ந்தெடுக்கும்போது, உங்கள் தொழில் அந்நாட்டில் உரிமம் தேவைப்படும் தொழிலா என்று பிரித்துப் பார்க்க வேண்டும். செவிலியருக்குப் பிரிட்டனில் பதிவும், ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வும் வேண்டும். கணிதம், அறிவியல், மொழிப் பாட ஆசிரியர்கள் உரிய தகுதியும் அனுபவமும் இருந்தால் இங்கிலாந்தின் ஆசிரியர் தகுதிக்கு இந்தியாவிலிருந்தே விண்ணப்பிக்கலாம். கணக்கர் வேலைக்கு அத்தகைய தடை இல்லை. ஆயினும் என் பி.காம். பட்டத்தைப் புரிந்துகொள்ளாதவர்கள், ஏ.ஏ.டி. என்னும் அந்நாட்டுக் கணக்கியல் சான்றிதழின் முதல் கட்டத்தை முடித்தவுடன் நேர்காணலுக்கு அழைத்தார்கள். அதுவரை கிடங்கில் பெட்டி அடுக்கினேன். அவ்வேலை இழிவானதன்று, ஆனால் அதற்கு ஒரு முடிவுத் தேதியை நாங்கள் இருவரும் சேர்ந்து குறித்திராவிட்டால், நான் அங்கேயே தங்கியிருப்பேன்.

குழந்தை இருந்தால் இதை இன்னும் தெளிவாகப் பேசியாக வேண்டும். செவிலியர் பணிமுறை 12 மணி நேரம், இரவும் பகலும் மாறி மாறி வரும். உடன் சென்றவரின் வகுப்பு நேரம் அதற்குள் எங்கே அமையும், அந்நாள்களில் குழந்தையை யார் பார்ப்பது, படிப்புக் கட்டணம் யாருடைய சேமிப்பிலிருந்து வரும் என்பவற்றை விமானச் சீட்டு எடுக்குமுன் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். துணைவரின் வேலை போனால் உங்கள் விசாவும் அதோடு போகும், பிரிட்டனில் பெரும்பாலும் 60 நாள் அவகாசமே கிடைக்கும் என்பதால், உங்கள் வேலை நிலைபெற்றதும், அது தகுதியுள்ள பணியாக இருந்தால், சொந்தப் பெயரில் விசா பெற முடியுமா என்று நிறுவனத்திடம் கேட்டுவிடுங்கள்.