அமெரிக்காவில் ஓர் அதிகாரம் யாருடையது: கண்டறியும் வழி

முதலில் அரசியலமைப்பின் ஒன்றாம் பிரிவு, 8ஆம் உட்பிரிவைப் பாருங்கள். நாணயம், போர் அறிவிப்பு, மாநிலங்களுக்கு இடையிலான வணிகம் எல்லாம் அங்கே காங்கிரஸுக்கு, அதாவது மத்திய நாடாளுமன்றத்துக்குத் தரப்பட்டிருக்கின்றன. மத்திய அரசுக்குத் தரப்படாமலும் மாநிலங்களுக்கு மறுக்கப்படாமலும் இருப்பவை, 1791இன் பத்தாவது திருத்தப்படி மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியவை. சட்டங்கள் மோதினால், அரசியலமைப்புக்கு உட்பட்ட மத்தியச் சட்டமே மேலோங்கும்.

பலர் சறுக்குவது நிதியில்தான். நேரடியாக ஆணையிட முடியாத இடத்தில் வாஷிங்டன், அதாவது மத்திய அரசு, மாநிலங்களுக்குத் தரும் பணத்துக்கு நிபந்தனை போடும். மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் 5 சதவீதத்தை நிறுத்திவைக்கலாம் என்று 1987இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் ஏழைகளுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிக்கெய்டை விரிவாக்க மறுத்தால், மாநிலம் அதற்கு ஏற்கெனவே பெற்றுவந்த நிதி முழுவதையும் நிறுத்தலாம் என்ற விதியை 2012இல் வற்புறுத்தல் என்று தடுத்தது. ஆகவே நிபந்தனையின் வாசகத்தோடு நிற்காதீர்கள். மறுத்தால் மாநிலம் எவ்வளவு இழக்கும் என்று கணக்கிடுங்கள். வழக்கின் முடிவு அந்தத் தொகையையும் பொறுத்திருக்கலாம்.